பூச்சி கடித்த கீரை

ஜனவரி 6
இனி வீட்டுக்குள் நுழையும் காயெல்லாம் ஆர்கானிக் கடையிலிருந்துதான் வர வேண்டும் என்று மனைவி உத்தரவு. மச்சினி ஏதோ கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து ஓதியது. கடை மூன்று பஸ் நிறுத்தம் தள்ளி. போய், கடையில் கொடுத்த பச்சைத் துணிப்பையோடு திரும்பி வந்தேன். முழங்கால் இரண்டுக்கும் என்னோடு பேச்சுவார்த்தை இல்லை.

ஜனவரி 13
பாதி வழியில் மழை. தெருமுனைக் காய்கறிக் கடையில் ஒதுங்கினேன். அங்கிருந்த கேரட் பச்சைப்பைக்குள் ஏறியது. மனசாட்சியா? குடை இல்லை என்று அது வீட்டிலேயே இருந்துவிட்டது.

ஜனவரி 14
"ருசியே தனியா இருக்கு பாருங்க. சாதாரணக் கேரட்ல இது வருமா?"
நான் தலை குனிந்து சாப்பிட்டேன்.

பிப்ரவரி 3
தொழில் கைவந்துவிட்டது. பளபளப்பான காய் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே கோணல் கேரட், தழும்பு விழுந்த தக்காளி, ஓட்டைக் கீரை. மொட்டைமாடி ரோஜாத்தொட்டியிலிருந்து மண் எடுத்து, ஈரமாக்கி, கேரட்டுக்குப் பூசுகிறேன். கட்டிய மனைவிக்குக்கூட இவ்வளவு அக்கறையாகப் பொட்டு வைத்ததில்லை.

கடைக்கார அக்காவுக்குத்தான் சந்தேகம். "என்ன சார், நல்லதையெல்லாம் விட்டுட்டு சொத்தையாப் பொறுக்கறீங்க? வீட்ல முயல் வளக்கறீங்களா?"
"ஆமாக்கா. ரொம்பக் கண்டிப்பான முயல்."
இப்போது சொத்தைகளை எனக்கென்றே ஒதுக்கி வைக்கிறாள்.

பிப்ரவரி 20
வீடியோ அழைப்பில் மனைவி மச்சினிக்குக் கீரையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். "பூச்சி தின்னுருக்கு பாருடி. அப்போ மருந்து அடிக்கலன்னுதானே அர்த்தம்?" தலைச்சுற்றல்கூடப் போய்விட்டதாம். எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

மார்ச் 11
நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை தேடி அலமாரியைத் துழாவினேன். அவளுடைய பிரஷர் மாத்திரை இரண்டு அட்டை. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.
"நிறுத்தி ஒரு மாசமாச்சுங்க. சுத்தமாச் சாப்பிடறோம், அப்புறம் அது எதுக்கு?"
எதுக்கா? அடிப்பாவி, நான் பூசின மண்ணை நம்பியா?

மார்ச் 12
பிரஷர் மிஷின் நூற்று எழுபத்தெட்டு காட்டியது. "மிஷின் பழசு," என்றாள். போன வருஷம் வாங்கியது. இந்த வீட்டில் பழசு நான் ஒருவன்தான்.

அவள் அண்ணன் இதே பிரஷரில் பக்கவாதம் வந்து விழுந்தவர். இன்றைக்கும் இடது கையால்தான் கையெழுத்துப் போடுகிறார். இது அவளுக்குத் தெரியாதா? தெரியும். அவரைப் பார்த்த பயத்தில்தானே சுத்தமான சாப்பாட்டைத் தேடிப் போனாள்.
சொன்னால் என் மானம் போகும். சொல்லாவிட்டால் –

மார்ச் 13
டாக்டரிடம் நான்தான் இழுத்துப் போனேன். அங்கேயும் வாதாடினாள். "ரெண்டு மாசமா ஆர்கானிக் தவிர வேற எதுவும் வாயில படல டாக்டர். தலைச்சுத்தல் இல்ல, தூக்கம் நல்லா வருது. வேற என்ன சாட்சி வேணும்?"
சாட்சி பக்கத்து நாற்காலியில் வியர்த்துக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தேன். தெருமுனைக் கடை, பச்சைப்பை, ரோஜாத்தொட்டி எல்லாம் சொன்னேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை மறைக்கத்தான். பிறகு அவளிடம் சொன்னார்: "ஆர்கானிக்ல பூச்சிமருந்து மிச்சம் கம்மியாத்தான் இருக்கும்மா. ஆனா சத்துல பெரிய வித்தியாசம்னு உறுதியாச் சொல்ல முடியல. எந்தக் காயா இருந்தாலும் நல்லாக் கழுவி, நிறையச் சாப்பிடுங்க. மாத்திரை செய்யற வேலையை மட்டும் கேரட் செய்யாது."

பஸ்ஸில் வேறு இருக்கையில் போய் உட்கார்ந்தாள். இறங்கும்போது ஒரே ஒரு வாக்கியம்: "ரோஜா ஏன் வாடுதுன்னு இப்பத்தான் புரியுது."

மார்ச் 16
பேச்சு இல்லை.

மார்ச் 19
பேசினாள். "மண்ணு பூசத் தெரிஞ்ச கைக்குக் கழுவவும் தெரியும்ல?" காய் கழுவும் உத்தியோகம் இனி எனக்கு. மூன்று தண்ணீர். அவள் தண்ணீரை எட்டிப் பார்த்துவிட்டு நான்காவது தண்ணீருக்கு உத்தரவிடுகிறாள்.

மார்ச் 24
தொட்டிக்குப் புது மண் போட்டேன். தெருமுனைக் கடைக்கு இப்போது அவளே வருகிறாள். அக்கா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "இவங்கதான் அந்த முயலா?"

ஏப்ரல் 2
இரண்டு மாதம் கீரையில் ஓட்டை தேடிய கண். பழக்கம் விடவில்லை. காலையில் அவள் குளிக்கப் போனதும் அலமாரியைத் திறந்து மாத்திரை அட்டைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன்.
இன்றோடு இருபது ஓட்டை.