ரலித்சாவின் செர்ரி

ஸ்தோயன்,

பீன்ஸ் சூப் அடுப்பில் இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடு. மதியம் வீட்டுச் சொந்தக்காரர் வருகிறார். அதற்குள் முற்றத்துப் புல்லை வெட்டி, திராட்சைப் பந்தலுக்கு அடியில் கூட்டிவிடு. செர்ரி மரத்தையும் எடுத்தாக வேண்டும். "வந்தப்போ எப்படி இருந்துச்சோ அப்படியே விட்டுட்டுப் போங்க" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

ரலித்சா பிறந்த அன்று மரம் நட நீ மண்வெட்டியைத் தூக்கியபோதே, "வாடகை வீட்டுல வேணாம்" என்றேன். "நம்ம மக பழம் பறிச்சுத் திங்கிற வரைக்கும் இங்கதானே இருக்கப்போறோம்" என்றாய். இனி அதைப் பேசி என்ன?

நான் அக்கா வீட்டுக்குப் போகிறேன். நீ குழி தோண்டுவதை இன்னொரு முறை பார்க்க மாட்டேன்.

நெவேனா

பி.கு.: மரத்தை வெட்டிவிடாதே. வேரோடு எடுத்து ஈரச் சாக்கில் சுற்றி வை. சாயங்காலம் அவள் கல்லறைக்குப் பக்கத்தில் நடலாம். அந்த இடத்தை யாரும் காலி செய்யச் சொல்ல மாட்டார்கள்.