பட்டம் வாங்கிய நாள்

பங்குனி 9, ஞாயிறு

இல்லை, அம்மா விளையாட்டுக்குத் தலையைச் சாய்க்கவில்லை.

நைனா நடத்தும் முதியோர் இல்லத்துக்கு இன்று ஆண்டு விழா. செஞ்சி பேருந்து நிலையத்தில் பிள்ளைகள் விட்டுப்போன கிழவர்களைக்கூடக் கூட்டிவந்து தன் கையாலேயே குளிப்பாட்டுகிறார். அதில் பொய்யில்லை. மேடையில் தனக்குப் போட்ட சால்வையை அம்மாவுக்குப் போர்த்த வலது கையைத் தூக்கினார். அம்மாவின் தலை சட்டென்று விலகிக் கீழே போனது. வருகிற குத்துக்கு ஒதுங்குவது போல, அவ்வளவு சுத்தமாக.

"பாக்ஸர் பொண்டாட்டின்னா சும்மாவா!" என்று யாரோ கத்தினார். மண்டபமே சிரித்தது. நைனாவும் சிரித்தார்.

குத்துச்சண்டையில் நைனா மாநிலப் பட்டம் வாங்கி வந்த அன்று, சோறு ஆறிப்போச்சு என்று சொல்லி அம்மாவின் இடது காதில் இறங்கிய கை அது. ரத்தம் கழுத்து வழியாக ரவிக்கைக்குள் ஓடியது. நான் கதவைப் பிடித்தபடி நின்றேன். அப்புறம் எத்தனையோ அடிகள். அவை நின்று பல வருடம் ஆகிறது. அந்தக் காது மட்டும் இன்றுவரை கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நைனா சொன்னார்: "விழா மலர் அடுத்த மாசம் வருது. அதுக்கு என் கதைய எழுதிக் குடு பாப்பா. நீதான் படிச்சவ."

"எதுலேர்ந்து நைனா?"

"பட்டம் வாங்கன நாள்லேர்ந்து."

அம்மாவின் வலது பக்கம் போய் நின்று சொன்னேன்: "எழுதச் சொல்றாரும்மா. அன்னிக்கு நடந்ததையும் எழுதட்டா?"

அம்மா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "சோறு ஆறலடி. சூடாத்தான் இருந்துச்சு. அதையும் எழுது."

எழுதினேன். தாளை நைனாவின் மேசைமேல் வைத்துவிட்டு விளக்கை அணைத்தேன்.