உள்ளே எவ்வளவு இருக்கிறது

என்னங்க,

வணக்கம். நான் சுகம். உங்கள் முதுகுவலி தேவலையா? அத்தை வேளைக்குச் சாப்பிடுகிறார்களா?

நான் பாத்திரம் கழுவுகிற தடுப்பூசி ஆய்வுக்கூடத்தில் நேற்று ஒரு கூத்து. கண்ணுக்குத் தெரியாத கொழுப்பு உருண்டைக்குள் மரபுச் சரடு என்று ஏதோ ஒன்றை மூடி வைக்கிறார்கள். அதன் மேல் சாயம் விட்டால் வெளியே கசிந்தது மட்டும் ஒளிரும். பிறகு சோப்புநீரால் உருண்டையை உடைத்தால் உள்ளே இருந்ததும் ஒளிரும். கழித்துப் பார்த்து, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று கணக்குச் சொல்வார்கள். நான் சரியாக அலசாத குடுவையில் சோப்பு ஒட்டியிருந்ததால், உடைக்கும் முன்பே எல்லாம் ஒளிர்ந்துவிட்டது.

"ஐயோ அக்கா, எனக்கு முன்னாடி நீங்களே உடைச்சுட்டீங்களே!" என்று அளக்கிற பெண் சிரித்தாள். நானும் சிரித்தேன். மறுபடி அளந்து நன்றாக வந்ததும், "இந்த ஊசி வந்தா முதல்ல என் பொண்ணுக்குத்தான்" என்றாள்.

எனக்கு வயிறு எரிந்தது. இந்த ஊசி தடுக்கப் போகிற காய்ச்சலுக்குத்தானே நம் பாப்பாவைப் பறிகொடுத்தோம். ஊசி குத்தி அழப்போகிற ஒவ்வொரு பிள்ளையின் அம்மா மேலும் பொறாமையாக இருக்கிறது.

பாப்பாவின் மஞ்சள் ஸ்வெட்டரை உங்கள் தங்கை மகளுக்குக் கொடுக்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். கொடுக்காதீர்கள். அவளும் பச்சைப் பிள்ளைதான், ஆனாலும் எனக்குப் பொறுக்கவில்லை. யாராவது கேட்டால், இங்கே ஒரு பிள்ளைக்குக் குளிர் என்று ஏதாவது சொல்லிவிட்டு எனக்கு அனுப்புங்கள்.

கூப்பிடுகிறார்கள், போகிறேன். ஸ்வெட்டரைத் துவைத்துவிடாதீர்கள். காற்றுப் புகாமல் இறுக்கி மூடுங்கள். பிள்ளை வாசம் ஒரு பொட்டுகூட வெளியே போகக் கூடாது.