வாய்க்கரிசி போட்ட கை

என் பொன்னியக்காவுக்கு,

இந்தக் கடிதம் உன்னை வந்து சேராது. செத்தபிறகு ஒன்றுமில்லை என்று என்னைவிட உறுதியாகச் சொன்னவள் நீ. ஆனாலும் ஒரு வருடமாக நெஞ்சில் கிடப்பதை உன்னைத் தவிர வேறு யாரிடம் சொல்ல?

நாம் பழகத் தொடங்கியது உனக்கு ஞாபகம் இருந்திருக்கும். செலண்டார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அம்மன் திருவிழா. தீபாராதனை நேரம், எல்லாரும் கண்ணை மூடிக் கைகூப்பி நிற்கிறார்கள். நான் மட்டும் திறந்த கண்ணோடு நின்றேன். எதிர் வரிசையில் இன்னொரு ஜோடிக் கண்களும் திறந்திருந்தன. நீ சிரித்தாய். அன்னதானம் முடிந்ததும் என்னிடம் வந்து, "உனக்கும் ஒண்ணும் தோணலயா?" என்று கேட்டாய். அதற்கு முன்னால் என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

அம்மனுக்குப் பட்டுப் பாவாடை தைத்துக் கொடுத்ததே நீதான் என்று பிறகுதான் தெரிந்தது. சிம்பாங் அம்பாட்டில் உன் தையல் கடை. அங்கே வேலை முடிந்து எத்தனை மாலைகள் உட்கார்ந்திருப்பேன்! நாம் சாமியைப் பற்றிப் பேசியதே குறைவு. நான் வேலை பார்க்கும் கிளினிக்கில் யார் சண்டை போட்டார்கள், எந்தப் பெண் ரவிக்கையை மூன்றாம் முறை பிரிக்கச் சொன்னாள், இதுதான் பேச்சு. மற்றவர்களுக்கு வெள்ளிக்கிழமைக் கோயில் இருந்தது. எனக்கு உன் கடை இருந்தது.

பிறகு உனக்கு அந்த நோய் வந்தது. மலாக்கா ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எனக்கு வாய்க்கரிசி, கற்பூரம் ஒண்ணும் வேணாம் வசந்தா. ரெண்டு வார்த்தை நல்லாப் பேசி அனுப்புங்க. அண்ணங்கிட்ட என்னால சொல்ல முடியல. நீ சொல்லிடு." நான் சரி என்றேன்.

சொல்லவில்லை அக்கா.

உன் அண்ணன் முனியாண்டி வீட்டு வாசலில் கூடாரம் போட்டிருந்தது. உன்னைப் பார்க்க அத்தனை பேர். பூசாரி வந்தார், குடம் வந்தது, தேங்காய் வந்தது. ஒவ்வொன்றாக வரும்போதும், இப்போது சொல்லிவிடலாம், இதோ சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பெண்கள் வரிசையாகப் போய் வாய்க்கரிசி போட்டார்கள். உன் அண்ணி சரோஜா அழுதுகொண்டே என் கையில் அரிசியை வைத்து, "நீயும் போடுமா, உன் மேலதான் உசுரா இருந்தா" என்றார்.

போட்டேன். நீ வேண்டாம் என்று சொன்னதை என் கையாலேயே செய்தேன்.

ஏன் வாயைத் திறக்கவில்லை? அவர்கள் சோகத்தைக் கலைக்க வேண்டாம் என்று நினைத்ததாக ரொம்ப நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். உண்மை அதில்லை. அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்தி. சொன்னால் என்னையும் ஒதுக்கிவிடுவார்களோ என்று பயந்தேன். உன்னோடு சேர்த்து மற்றவர்களையும் இழந்துவிடுவேனோ என்று பயந்தேன்.

அதற்குப் பிறகு என்ன ஆனது தெரியுமா? யாரும் ஒதுக்காமலேயே தனியாகிப் போனேன். கல்யாணம், காதுகுத்து எல்லாம் கோயில் மண்டபத்தில்தான். கூப்பிடத்தான் செய்தார்கள்; நான்தான் போகவில்லை. மாலைகளில் தாமான் குடியிருப்பு வீட்டில் தொலைக்காட்சியைப் போட்டுவிட்டுப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பேன்.

கோலாலம்பூரில் நம்மைப் போலச் சாமி நம்பிக்கை இல்லாதவர்கள் மாதமொரு முறை கூடுகிறார்கள் என்று பேஸ்புக்கில் பார்த்து ஒருநாள் பஸ் ஏறிப் போனேன். நல்ல பிள்ளைகள். எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தார்கள். ஆனால் மூன்று மணி நேரமும் இல்லாத கடவுளைப் பற்றியேதான் பேசினார்கள். கும்பிடுகிறவர்களைக் கேலி செய்து சிரித்தபோது எனக்கு உன் அண்ணியின் முகம் நினைவுக்கு வந்தது. நீ செத்துப் போனதைச் சொல்லத்தான் நான் போயிருந்தேன். சொல்லாமலே திரும்பினேன்.

உன் கடைச் சாவி என்னிடம்தான் இருந்தது. கடையைக் காலி செய்யச் சொன்னார்கள் என்று உன் அண்ணன் போன் செய்தார். போய்த் திறந்தேன். வெட்டாத துணிகள் பதினொரு மூட்டை. ஒவ்வொன்றிலும் உன் கையெழுத்தில் பெயரும் அளவும். ஆட்கள் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை. சனிக்கிழமைகளில் காரை எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மூட்டையை வாங்கிக்கொண்டு யாரும் என்னை வாசலோடு அனுப்பவில்லை. உட்கார வைத்து உன்னைப் பற்றிச் சொன்னார்கள். நான் கேட்டிராத கதைகள். மஸ்ஜித் தானா ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கிறவர் மனைவி ஜைனம்பு அக்கா, மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள் நீ அவர் வீட்டுத் தரையில் உட்கார்ந்து தைத்து முடித்ததைச் சொல்லி அழுதார். கிளம்பும்போது, "அடுத்த சனிக்கிழமையும் வாங்க லா, துணி இருந்தாத்தான் வரணுமா?" என்றார். போனேன்.

கடைசி மூட்டை உன் அண்ணியுடையது. சாம்பல் நிறப் பட்டு. அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. ஆஸ்பத்திரியில் நீ சொன்னதையும், நான் மறைத்ததையும், எனக்கும் சாமி நம்பிக்கை கிடையாது என்பதையும் சொல்லிவிட்டேன்.

பட்டைத் தடவிக்கொண்டிருந்த அவர் கை நின்றது. பிறகு, "அப்பவே ஏன் சொல்லல?" என்று கேட்டார்.

"பயம் அண்ணி."

"சாமி இல்லன்னா, அவ இப்ப எங்க இருக்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் தெரியுமா அக்கா? "எங்கயும் இல்ல அண்ணி" என்றேன். அவர் பட்டுத் துணியை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். உன் சாவு வீட்டில்கூட நான் அப்படி அழவில்லை. என்னை வெளியே போகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். எழுந்துபோய்ச் சோறு போட்டுக் கொண்டுவந்தார். "சாப்பிடு. எனக்குக் கோவம் இருக்கு. சாப்பிட்டுட்டுப் போ" என்றார்.

இப்போது சனிக்கிழமை மத்தியானம் என் வீட்டில், நான் மூட்டை கொண்டுபோன வீடுகளிலிருந்து நாலைந்து பேர் கூடுகிறோம். துணியைப் பிரித்துத் தைக்கிறோம், தப்பும் தவறுமாக. இதற்குப் பெயரில்லை, தலைவர் இல்லை. அசர் தொழுகை நேரம் வந்தால் ஜைனம்பு அக்காவுக்கு உள்ளறையில் விரிப்பைப் போட்டுக் கொடுப்பது நான்தான். அவர் தொழுது முடிக்கும்வரை நாங்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம். என்னைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். கமலா என்றொருத்தி தெரிந்ததும் வருவதை நிறுத்திவிட்டாள். வலித்தது. மற்றவர்கள் வருகிறார்கள். நீ உட்கார்ந்திருக்க வேண்டிய கூட்டம் அக்கா.

போன ஞாயிறு உனக்கு வருடத் திதி. உன் அண்ணன் படையல் போட்டார். நான் வாசல் நாற்காலியில் இருந்தேன். எல்லாம் முடிந்தபின் அண்ணி என்னைக் கூப்பிட்டு, "வசந்தா ரெண்டு வார்த்தை பேசணும்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். பேசினேன். நீ எப்படி வாழ்ந்தாய் என்று சொன்னேன். நீ என்ன கேட்டாய் என்றும், அதைச் செய்யாமல் விட்டது நான்தான் என்றும் சொன்னேன். முனியாண்டி அண்ணன் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். இன்றுவரை என்னோடு பேசவில்லை. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? பேசியதால் எனக்குப் பாரம் குறைந்ததா என்று கேட்டால், தெரியவில்லை. ஒரு வருடம் தாமதம். உன் காதில் விழாது.

வரும் செவ்வாய்க்கிழமை அண்ணிக்குக் கண் அறுவைச் சிகிச்சை. நீ இருந்தால் உன்னைத்தான் கூப்பிட்டிருப்பார். என்னைக் கூப்பிட்டிருக்கிறார். பயத்தில் போனில் பத்து நிமிடம் சாமி பெயரையே சொல்லிக்கொண்டிருந்தார். நான் லீவு போட்டுவிட்டேன். அவர் அம்மனைக் கும்பிட்டுக்கொண்டு உள்ளே போகட்டும். வெளியே வரும்போது கட்டுப் போட்ட கண்ணோடு கையை நீட்டித் தேடுவாரே, அப்போது நான் அங்கே இருப்பேன். அதற்குப் பிறகும் இருப்பேன். இந்த வாக்கை நான் மீற மாட்டேன்.

கூடப் பிறக்காமல் உனக்குத் தங்கையான
வசந்தா
செலண்டார்