உன் அறையில் வளரும் சின்னவன்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்களும் அப்பாவின் மூட்டுவலியும் சௌக்கியம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, நலமாக இருக்க வேண்டும். நாங்கள் இந்த வயதில் ஒரு பிள்ளையை எடுத்து வளர்ப்பதாக அத்தை உனக்குப் போனில் சொல்லியிருப்பாள். நம்பாதே, அது பூஞ்சை.

எங்கள் சாயப்பட்டறைக் கழிவுநீர் சிவப்பாகவே கால்வாய்க்குப் போகிறது, நிறம் போகாவிட்டால் மாதக் கடைசியில் பட்டறையைப் பூட்டிவிடுவோம் என்று அதிகாரி சொல்லிவிட்டுப் போனார். கழிவுநீரைப் பார்த்துக்கொள்வது நான்தானே, ஒரு வழி தேடினேன். பட்ட மரத்தில் வெள்ளையாக ஒரு பூஞ்சை வளரும், மரத்தைக் கரைக்க அது சுரக்கிற நொதி சாயத்தையும் துண்டு துண்டாக உடைத்துப்போடும். அதைத் தவிட்டில் வளர்த்துத் தொட்டியில் விட்டேன், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு வாளியில் கொஞ்சம் எடுத்து உன் அறையில் கம்பளி போர்த்தி வைத்தேன். அப்பாவுக்கு வந்ததே கோபம். சுவரில் பூஞ்சை பிடித்தால் சுண்ணாம்பு அடிக்கச் சொல்கிறாய், இதற்கு மட்டும் கட்டில் கேட்கிறதா என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் நான் வேலைக்குப் போனபின் தவிடு போட்டது அவர்தான், சின்னவன் என்று பேர் வைத்ததும் அவர்தான்.

அப்புறம் ஒரு நாள் பட்டறைக் காவலாளி, தொட்டியில் என்னவோ பூத்துக் கிடக்கிறது, பாவம் அந்தம்மா தனியாகத் தேய்க்கணுமே என்று நல்ல மனசோடு பிளீச்சிங் பவுடரைக் கொட்டிவிட்டார். எல்லாம் செத்துப்போச்சு. அழாத குறையாக அப்பாவுக்குப் போன் போட்டேன். மனுஷர் வாளியைக் கம்பளியோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். கைக்குழந்தை என்று நினைத்து ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாளாம், இவரும் கூச்சமில்லாமல் உட்கார்ந்து, காற்றுப் படாமல் கம்பளியை இழுத்து விட்டிருக்கிறார். அதே பஸ்ஸில் பின் சீட்டில் உன் அத்தை. உனக்குப் போன் போட்டது அன்றைக்குத்தான். மறுநாள் குட்டிச் சட்டைகளோடு வந்து, பிள்ளையைப் பார்க்காமல் நகரமாட்டேன் என்றாள். வாளியில் மிச்சமிருந்ததைத் திறந்து காட்டினோம். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, உடம்பெல்லாம் முடி, இது எங்கள் வீட்டு ஜாடை இல்லை, உங்கள் வீட்டு ஜாடைதான் என்று என்னிடம் சொன்னாள்.

தொட்டியைக் கழுவி, அப்பா கொண்டுவந்ததைப் புதுத் தவிட்டில் பெருக்கி விட்டோம். முதலில் சில நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சிவப்பு மங்கி, பழுப்பாகி, அதிகாரி வந்த அன்று குப்பியில் பிடித்த தண்ணீருக்கு அந்தப் பக்கம் அவர் விரல் தெரிந்தது. சோதனை முடிவு நேற்று வந்தது, பட்டறை ஓடலாம். அதிகாரி தண்ணீர் பிடித்த அன்றைக்கு அப்பாவும் கூப்பிடாமலே வந்து என் பக்கத்தில் நின்றார். திரும்பும் வழியில், நீ இப்படி ஒரு வேலை செய்கிறாய் என்று என்னிடம் சொன்னதே இல்லையே என்றார். சாப்பாடு போடும்போதெல்லாம் வருஷக்கணக்காகச் சொல்லியிருக்கிறேன், அவர் ம் கொட்டுவார், அவ்வளவுதான். இப்போது தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் அவரே கேட்கிறார், இன்றைக்குத் தண்ணீர் என்ன நிறம் என்று. நான் சொல்லி முடிக்கிறவரை எழுந்து கை கழுவுவதில்லை.

நீ நீண்ட ஆயுசோடு, மனசு நிறைந்து இருக்க வேண்டும். குளிரில் வெளியே போனால் காதை மூடிக்கொள். இந்த வாரம் போன் போடும்போது முதலில் அப்பாவிடம் பேசு, மறந்துவிடாதே, அவருக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா