கன்னி மூலையை விட்டு நகர்ந்த பீரோ

கார்த்திகை, வியாழன் இரவு.

மழை தொடங்கியதிலிருந்து இவருக்கு இளைப்பு. பீரோவுக்குப் பின்னால் சுவரெல்லாம் பூஞ்சை, அதை நகர்த்துவோம் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். "வாஸ்து பார்த்து அக்கா வச்ச எடம், அங்கிட்டே இருக்கட்டும்" என்பார்.

இன்று அந்த அக்கா, என் மதினி, கீரமங்கலத்திலிருந்து வந்திருந்தார். சண்டைக்குத் தயாராகவே இருந்தேன். தம்பி இருமுவதைக் கேட்டவர் பீரோவின் பின்னால் கையை விட்டார். விரல் கறுப்பாக வந்தது.

"டேய், இதை நகத்தணும்."

"கன்னி மூலையாச்சே அக்கா..."

"மூச்சு விட முடியலை, ஒனக்கு மூலை என்னடா மூலை? வெளிய போய் உக்காரு."

இருவருமாக இழுத்தோம். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, பூஞ்சை பறக்காமல் ஈரத்துணியால் துடைத்தேன். வாளித் தண்ணீரை மதினி மாற்றி மாற்றித் தந்தார். சுவரின் மறுபக்கம் குளியலறை. குழாய்க் கசிவை அடைத்தால்தான் காயும்.

எதிர்ச்சுவர் ஓரமாக, காற்றுப் போக இடம் விட்டு வைத்த பீரோவுக்கு மதினி குங்குமம் இட்டு, "கோவிச்சுக்காத தாயே, எந்தம்பிக்கு மூச்சு வேணும்" என்று முணுமுணுத்தார். எனக்கு வாஸ்துவில் நம்பிக்கை இல்லை. அவருக்கு உண்டு. அதையே விட்டுக்கொடுத்துவிட்டார்.

நன்றி சொல்ல வாயெடுத்தேன். "பஸ் இருக்கா மதினி?" என்றுதான் வந்தது.