அடுப்படி வரை எட்டுகிற கீபோர்டு

நெருப்பெரிச்சல்
12.9.1998

பிரியமுள்ள மாமாவுக்கு, உங்கள் மனைவி சாந்தாமணி எழுதிக்கொண்டது.

இங்கே உங்கள் அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். ஜெர்மனியில் குளிர் ஆரம்பித்திருக்கும். நாம் தைத்து அனுப்புகிற பனியனை நம்பி வெளியே போகாதீர்கள், கனமான ஸ்வெட்டர் ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஆள் மூலம் கொடுத்தனுப்பிய கீபோர்டும் மவுசும் பத்திரமாக வந்து சேர்ந்தன. ஒயர் இல்லாமல் எழுத்து எப்படித்தான் போகிறதோ, எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை! கம்ப்யூட்டருக்குப் பின்னால் சொருகுகிற சின்னப் பெட்டிக்கு மட்டும்தான் ஒயர். டி.வி. ரிமோட் மாதிரி மறைத்தால் நின்றுவிடுமோ என்று அந்தப் பெட்டியை நோட்டுப் பிடித்து மறைத்தேன், துண்டைப் போட்டு மூடினேன். அப்போதும் எழுத்து வந்தது.

நல்லது கெட்டது இரண்டையும் சொல்லிவிடுகிறேன். மேஜையில் இடம் கிடைத்திருக்கிறது, சாம்பிள் பனியனை விரித்து அளந்துகொண்டே டைப் அடிக்கலாம். உங்கள் அப்பா கால் தடுக்கி, ஒயரோடு கீபோர்டையும் இழுத்துக் கீழே போடுகிற கூத்து இனி இல்லை. ஆனால் பேட்டரியைத் தின்று தீர்க்கிறது. அதுவும் அவசரமாக ஏதாவது அடிக்கும்போதுதான் உயிரை விடுகிறது. மவுஸ் உருண்டையில் பஞ்சு சிக்குவது மட்டும் பழையபடிதான். நம் ஊர்ப் பஞ்சுக்கு ஒயர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன!

எவ்வளவு தூரம் எட்டும் என்று பார்க்க ஆசை வந்தது. அங்கேதான் வினை. அத்தையைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு, ஒரே எழுத்தைத் தட்டிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தேன். "வருது கண்ணு, இன்னும் வருது" என்று அத்தை கத்தக் கத்த, ஆபீஸ் ரூமைத் தாண்டி அடுப்படிக்குள் போய்விட்டேன். அங்கேயும் எட்டியது! நான் குதித்தேன், அத்தை கை தட்டினார். சாப்பிட வந்த உங்கள் அப்பா பார்த்துவிட்டு, "அப்பறமென்ன கண்ணு, இனிமே அடுப்படியிலயே உக்காந்து அடிச்சுக்கலாமே, சோத்தையும் பாத்துக்கலாம்" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நானும் சிரித்தேன்.

மறுநாள் என் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்கிறார். மவுஸ் அவரிடம், கீபோர்டு என்னிடம். அவர் சொல்லச் சொல்ல, நான் குழம்பைக் கிண்டிக்கொண்டு, திரையைப் பார்க்காமலே அடிக்க வேண்டும். திரையில் ஓடுகிற மவுஸ் அம்பைத் துரத்திக்கொண்டு அவர் எங்கேயோ அழுத்திவிட, சிவப்புப் பனியனுக்கு அடித்த எண்ணிக்கை நீலத்தில் போய் விழுந்துவிட்டது. சாயப்பட்டறைக்குத் துணி போவதற்குள் நான் கண்டுபிடித்ததால் பிழைத்தோம். தப்பு யார் பேரில் என்று நினைக்கிறீர்கள்? என் பேரில்தான்.

போன வாரம் நமக்கு வெளிநாட்டு ஆர்டர் பிடித்துத் தருகிற பையிங் ஏஜெண்ட் வந்திருந்தார். கம்ப்யூட்டர் வேலையெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று கேட்டார். "நாந்தானுங்க" என்றார் உங்கள் அப்பா. கையில் கீபோர்டோடு அடுப்படியில் நின்று அதைக் கேட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது மாமா. அந்த நாற்காலியில் உட்காரத்தானே தினமும் பஸ் ஏறிப் போய்க் கம்ப்யூட்டர் படித்தேன்? வருகிற ஆர்டரை முதலில் படிப்பவளாக இருந்தேன். இப்போது என்ன ஆர்டர் வந்திருக்கிறது என்று உங்கள் அப்பாவைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன்.

நான் பேசினால் மருமகள் எதிர்த்துப் பேசுகிறாள் என்றாகிவிடும். நீங்கள் அவருக்குப் பக்குவமாக இரண்டு வரி எழுதுங்கள். பழைய கீபோர்டையாவது எடுத்து மாட்டலாம் என்றால், அதை ஊத்துக்குளி சொந்தக்காரருக்குக் கொடுத்துவிட்டார்.

நீங்கள் நல்லபடியாகத் திரும்பி வர சென்னிமலை முருகனை வேண்டிக்கொண்டே இருக்கிறேன். வரும்போது சென்ட், சாக்லேட் எதுவும் வேண்டாம். ஒயர் உள்ள கீபோர்டு ஒன்று வாங்கி வாருங்கள். ஒயர் நீளமாக இருக்க வேண்டாம். கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தால் மட்டும் எட்டுகிற அளவு போதும்.

உங்கள்
சாந்தாமணி